பாலத்துப் பாட்டும் கொய்யாப்பழப் பாட்டும்

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் இளஞ்செழியன் கிட்டாரோடு பாடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கல்லறையின் மேல் சரிந்து விழுந்தார். அந்தக் கல்லறைக்குச் சொந்தக்காரர் ஒரு தலைமை ஆசிரியர். உயிரோடு இருந்தவரை பாட்டு, கூத்து என்றாலே அவருக்கு ஆகாது என்று அவருடைய மகனே சொன்னார். ஆகவே அங்கே கூடியிருந்தவர்களில் சிலர், இது அவர் வேலைதான் என்று உறுதியாக நம்பினார்கள்.

மீனலோசனிக்கு அப்படியெல்லாம் யோசிக்க நேரமில்லை. கணவரின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. சாவிக்கொத்தைத் திணிக்க வந்த ஒருவரைத் தள்ளிவிட்டு, கணவர் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். மறைந்த சினேகிதன் பெலிக்ஸின் மனைவி ஸ்டெல்லா தன் சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்தாள். இழுப்பு நின்று கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கிட்டாருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்பது. அப்போதுதான் லோசனிக்கு மூச்சு வந்தது. அடுத்த மூச்சில் திட்ட ஆரம்பித்தாள்.

வருஷா வருஷம் இதே நாளில் இதே இடத்துக்கு வருவது செழியனின் வழக்கம். மற்றவர்கள் மெழுகுவத்தி, பூ, சாம்பிராணி என்று வருவார்கள். இவர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார். சினேகிதன் பெலிக்ஸின் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்து, பெலிக்ஸ் எழுதிய பாட்டை பெலிக்ஸ் பாடிய மாதிரியே ஒருமுறை பாடிவிட்டு எழுந்துவிடுவார். பாட்டு முடியும்வரை ஸ்டெல்லா கல்லைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "அப்படியே அவர் குரல்தான் அண்ணே" என்பாள். அதற்காகவே அவள் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வருவாள்.

இருவரும் கல்லூரியில் படித்த தொண்ணூறுகளில் 'நைட் தண்டர்ஸ்' என்று ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். ஹாஸ்டல் கதவை இருட்டுவதற்கு முன்பே பூட்டிவிடுவார்கள் என்பதால் அந்தக் குழு இரவில் ஒருநாளும் வாசித்ததில்லை. மதுரை வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மேடை ஏறி, இரண்டாவது பாட்டிலேயே மயங்கி விழுந்த டிரம்மர் ஒருவரும் அதில் உண்டு. ஆனால் பெலிக்ஸ் எழுதிய ஒரு பாட்டு மட்டும் அந்தக் காலத்தில் ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் பரவியது. காதலில் தோற்றவன் வைகைப் பாலத்தின் மேல் நின்று பாடுகிற பாட்டு.

"பாலத்து மேல நிக்கிறேன், ஆத்துல தண்ணி இல்ல,
எதுல குதிக்க, சொல்லடி, என் நேரமே சரியில்ல."

கல்யாணமான புதிதில் இதை முதல்முறை கேட்டபோது லோசனி, "தண்ணி இல்லேன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? எவன் எழுதுனது இது?" என்று கேட்டாள். செழியன் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பெலிக்ஸே வீட்டுக்கு வந்து, "மதினி சொல்றது நியாயம்தான்டா" என்று சிரித்துச் சமாதானம் செய்துவைத்தார்.

லோசனியும் பாட்டில் லேசுப்பட்டவள் அல்ல. ராஜபாளையத்தில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கும்மிப் பாட்டில் மாவட்டத்திலேயே முதல் பரிசு வாங்கியவள். செழியன் கூடத்தில் கிட்டாரை எடுத்தால் அவள் சமையலறையில் குரலை எடுப்பாள்.

"கொய்யாப்பழம் விக்கப் போனேன், கோயிலெல்லாம் கூட்டமடி,
கொள்ள வந்த மாப்பிள்ளைக்குக் கொம்பு ரெண்டு மீசையடி!"

"குலவ போடுறத நிறுத்து லோசனி, சுதி போகுது" என்று கூடத்திலிருந்து சத்தம் வரும். "இருந்தாத்தானே போறதுக்கு" என்று சமையலறையிலிருந்து பதில் போகும். இப்படியே ஒரு குடும்பம் நாற்பது வருஷம் நடந்தது.

வட்டச்சாலையில் இருந்த மூளை மருத்துவமனையில் டாக்டர் அர்ஷியா எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். படங்களைச் சுவரில் ஒளிரவிட்டுக்கொண்டே பேசினார்.

"சார், உங்களுக்கு வர்றது ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் வர்ற வலிப்பு. அபூர்வம்தான், ஆனா இருக்கு. வேற எந்தப் பாட்டு போட்டாலும் உங்க மூளை அமைதியா இருக்கு. இந்தப் பாலத்துப் பாட்டு வந்தா மட்டும் இந்த இடம் பத்திக்குது."

"அப்ப அந்தப் பாட்டப் பாடாம இருந்தாப் போச்சு" என்றாள் லோசனி. முப்பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவந்த யோசனைக்கு இப்போதுதான் மருத்துவ ஆதரவு கிடைத்திருந்தது.

"வாயால பாடாம இருக்கலாம்மா. மனசுக்குள்ள ஓடுதே, அத எப்படி நிறுத்துவீங்க? போன வாரம் தூக்கத்துல வந்துச்சே. அடுத்தது ரோட்டக் கடக்கும்போது வரலாம். மாடிப்படில வரலாம். ஒவ்வொரு தடவையும் இழுப்பு பெருசாகுது. இப்படியே விட்டா ஒரு வருஷத்துக்கு மேல நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

செழியன், "பாட்டால சாகுறது ஒண்ணும் கேவலமில்லையே டாக்டர்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை.

"பாட்டையே எடுத்துரலாம் சார். அதுக்கு இப்ப வழி இருக்கு. சிக்கல் என்னன்னா, அந்தப் பாட்டுல நீங்க நிறைய ஞாபகத்த மாட்டி வச்சிருக்கீங்க. துணி காயப்போடுற கொடின்னு வச்சுக்கங்க. உங்க காலேஜ் காலம் முழுக்க அந்த ஒரே கொடியிலதான் தொங்குது. இப்ப கொடியில கரண்ட் பாயுது. கொடிய அறுத்தா துணி எல்லாம் கீழ விழுந்து போயிரும். அதனால முதல்ல பக்கத்துல வேற ஒரு கொடி கட்டி, துணியெல்லாம் அதுல மாத்தணும். அப்புறம் பழசை அறுக்கணும்."

"வேற கொடின்னா?"

"வேற பாட்டு. ரெண்டும் ஒரே நடையில இருக்கணும். அதைவிட முக்கியம், உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டா இருக்கணும். பிடிக்காத பாட்டுல ஞாபகம் நிக்காது."

செழியன் உற்சாகமாகிவிட்டார். மறுநாளே தனக்குப் பிடித்த வெளிநாட்டு ராக் பாட்டுகளை எல்லாம் வரிசையாக ஒப்பித்தார். தலையில் வலை மாதிரி ஒன்றை மாட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமே தேறவில்லை. நடை ஒத்துப்போனால் பிடிப்பு இல்லை, பிடிப்பு இருந்தால் நடை இல்லை. இயந்திரம் தானாகவே அவர் மூளையைத் துழாவி, கடைசியில் ஒரு பாட்டைக் கண்டுபிடித்தது. டாக்டர் திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"சார், கொய்யாப்பழம் பத்தி ஏதாவது பாட்டு உங்களுக்குத் தெரியுமா?"

செழியனின் காது மடல் சிவந்துவிட்டது.

"இருக்கவே முடியாது. மிஷின் ரிப்பேர்" என்றார்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. இந்தப் பாட்டுக்கு உங்க மூளை எப்படிப் பூரிக்குது பாருங்க. நீங்க பாலத்துப் பாட்டு வாசிக்கும்போதெல்லாம் இதுவும் கூடவே காதுல விழுந்திருக்கு போல. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு."

"உள்ளுக்குள்ள இம்புட்டு வச்சுக்கிட்டுத்தான் வெளிய அம்புட்டுப் பேச்சா?" என்றாள் லோசனி. குரலில் கேலி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்கக் கைப்பையில் எதையோ தேடினாள்.

டாக்டர் ஒன்றை மட்டும் எச்சரித்தார். "வெறும் மெட்ட மட்டும் வச்சும் மாத்தலாம். மெதுவா நடக்கும், நாலஞ்சு தடவ வர வேண்டியிருக்கும். இல்லேன்னா அம்மாவே பாடிக் கொடுக்கலாம். சீக்கிரம் பிடிக்கும், ஆனா சாயம் போற துணியோட ஊறவச்ச மாதிரி, குரலும் கொஞ்சம் ஒட்டும்."

"நானே பாடுறேன்" என்று டாக்டர் முடிப்பதற்குள் சொன்னாள் லோசனி. சீக்கிரம் என்ற வார்த்தை அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மாவட்ட முதல் பரிசுக்காரி இருக்கும்போது வெறும் மெட்டு எதற்கு என்ற எண்ணமும் இருந்தது. அதை அவளே பின்னால் ஒத்துக்கொண்டாள். செழியன், "பாடட்டும் டாக்டர். மயக்க மருந்து மட்டும் நிறையக் கொடுத்துருங்க" என்றார்.

கண்ணாடி அறைக்குள் அவர் படுத்திருந்தார். வெளியே ஒலிவாங்கியின் முன் லோசனி நின்றாள். கை சும்மா இருக்கவில்லை, கும்மி தட்டித்தான் பாடினாள். பாடப் பாடத் திரையில் சிவப்பாக இருந்த புள்ளிகள் ஒன்றொன்றாகப் பச்சைக்கு நகர்ந்தன. தன் குரல் ஒரு மனுஷனைத் தூக்கிக் கரையேற்றுவதைக் கண்ணால் பார்த்தாள். பெருமையாக இருந்தது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வலிப்பு நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. டாக்டர் புன்னகையோடு வீட்டுக்கு அனுப்பும்போது, "இனிமே பாலத்துப் பாட்டு சாருக்குப் புதுப் பாட்டும்மா. எங்கயாவது ஒரு தடவ காதுல விழுந்தா பரவாயில்ல. திரும்பத் திரும்பக் கேட்டா பழைய இடத்துலயே மறுபடி கொடி கட்டிக்கும். ஜாக்கிரதை" என்றார்.

ஒருநாள் காபி குடித்துக்கொண்டே செழியன் சிரித்தார். "லோசனி, அந்தத் திருநெல்வேலிப் போட்டி ஞாபகம் இருக்கா? மேடையில கரண்ட் போயிருச்சு. மைக் இல்ல, ஆம்ப்ளிஃபயர் இல்ல. நீ பாட்டுக்குக் கையத் தட்டி 'கொய்யாப்பழம்'னு எடுத்த பாரு, ஆயிரம் பேரும் சேர்ந்து தட்டுனாங்க. மஞ்சத் தாவணி கட்டியிருந்த."

லோசனி காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். அந்தப் போட்டி நடந்தபோது அவள் ராஜபாளையத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இளஞ்செழியன் என்று ஒருவர் உலகத்தில் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாற்பது வருஷச் சண்டையில் இப்படி ஒரு வெற்றி யாருக்குக் கிடைக்கும்? டிக்கெட் எடுக்காமல் ரயிலில் போன கதையில் அவள் இருந்தாள், கொய்யாப்பழக் கூடையோடு. ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்த கதையில் முதலில் குதித்தது அவள்தான். "தாவணியோடயா?" என்று கேட்டாள். "ஆமா, நீ அப்ப அப்படித்தான்" என்று அவர் வாஞ்சையோடு சொன்னார். தான் வாழாத ஒரு இளமை தனக்குச் சும்மா கிடைத்ததை எண்ணி, அவள் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் மிதப்பாகவே நடந்தாள்.

அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கதைகள் எல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். சுவர் ஏறிக் குதித்தது பெலிக்ஸ். ரயில் வாசலில் தொங்கியது பெலிக்ஸ். கரண்ட் போன மேடையில் மைக் இல்லாமல் ஆயிரம் பேருக்குப் பாடியது பெலிக்ஸ்.

"ஏங்க, அந்த மேடையில பாடுனது பெலிக்ஸ் அண்ணன்ங்க."

செழியன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெலிக்ஸா? தங்கமான பையன். ஆனா அவனுக்குப் பாட வராதும்மா. ஓரமா நின்னு நல்லா கைதட்டுவான்."

லோசனி அன்றே டாக்டரிடம் ஓடினாள். அவர் படங்களை நெடுநேரம் பார்த்தார். "சாயம் கொஞ்சம்தான் ஒட்டும்னு நினைச்சோம். அவர் வாழ்நாள்ல அதிகமா கேட்ட குரல் உங்களோடது. முழுசா ஊறிருச்சு. இனிமே பிரிக்க முடியாதும்மா, மன்னிச்சுக்கங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தப் பாலத்துப் பாட்டு வேற எங்கயாவது பதிவாகி இருக்கா?" என்று கேட்டார்.

ஒரு கேசட் இருந்தது. அதன் மேல் பெலிக்ஸின் அம்மா ஒரு ஜெபக்கூட்டத்தை முழுசாகப் பதிவு செய்துவிட்டார். டிரம்மரும் குழுவில் இருந்த இன்னொருவனும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. பெலிக்ஸ் மாரடைப்பில் போன பிறகு, அவர் குரல் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் செழியனின் தலைதான். அந்த இடத்தைத்தான் லோசனி கும்மி தட்டிக் காலி செய்திருந்தாள். கல்லறைத் திருநாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் நடந்ததை ஸ்டெல்லாவிடம் போனில் சொல்லியிருந்தாள். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து லோசனி குளிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். குழாயை முழுசாகத் திறந்து வைத்து, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு, பாலத்துப் பாட்டைப் பாடிப் பார்த்தாள். நாற்பது வருஷம் காதைப் பொத்திக்கொண்டு கேட்டது வீண்போகவில்லை. ஒரு வரி விடாமல் எல்லாம் இருந்தது. பெலிக்ஸ் மூச்சு விடுகிற இடம், குரல் கரகரக்கிற இடம்கூட இருந்தன. "தண்ணி இல்ல தண்ணி இல்லன்னு பாடிக்கிட்டே இம்புட்டுத் தண்ணியத் திறந்துவிடுறோமே" என்று அவளுக்கே தோன்றும். வெளியே செழியன் கதவைத் தட்டி, "தொட்டி காலியாகப் போகுது, ஊருக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்பார்.

திருநாள் வந்தது. சாயங்கால வெயிலில் கல்லறைகள் எல்லாம் புதுச் சுண்ணாம்போடு பளிச்சென்று இருந்தன. ஸ்டெல்லா முன்பே வந்து பெலிக்ஸின் கல்லைக் கழுவி, சாமந்தி மாலை சாத்தியிருந்தாள். செழியனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்கீங்களா அண்ணே? போன வருஷம் பயமுறுத்திட்டீங்க. இந்தத் தடவ பாடலாம்ல?"

"பாடாமயா? அதுக்குத்தானே வந்திருக்கேன்."

அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கம்பிகளை முறுக்கி, கண்ணை மூடி, அதே கனத்தோடு ஆரம்பித்தார். "கொய்யாப்பழம் விக்கப் போனேன், கோயிலெல்லாம் கூட்டமடி!" பக்கத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. தலைமை ஆசிரியரின் மகன் எழுந்தே நின்றுவிட்டார்.

ஸ்டெல்லா சிரித்தாள். கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தாள். இரண்டாவது அடியும் வந்தது. பாட்டு முழுசாக முடிந்தது. செழியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லைத் தட்டிக்கொடுத்தார். "இந்தப் பாட்டுன்னா இவனுக்கு உயிர். என்னமா கைதட்டுவான்!"

ஸ்டெல்லாவின் சிரிப்பு மெல்ல வடிந்தது. லோசனியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவது லோசனிக்குப் பெரும்பாடாக இருந்தது.

"ஏங்க, மெழுகுவத்தி பத்தாது. வாசல்ல போய் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்க."

"இவ்வளவு இருக்கே?"

"காத்தடிக்குதுங்க. போங்க."

அவர் தலை மறைந்ததும் லோசனி ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். "தப்புப் பண்ணிட்டேன் ஸ்டெல்லா. அவர் பிழைச்சாப் போதும்னு அவசரப்பட்டேன். உன் வீட்டுக்காரரோட இடத்துல நான் போய் உட்கார்ந்துட்டேன்."

ஸ்டெல்லா கல்லின் மேல் கிடந்த மாலையைச் சரிசெய்தாள். "இனிமே அந்தக் குரலக் கேக்கவே முடியாதா மதினி?" என்று மட்டும் கேட்டாள்.

லோசனி கல்லறையின் பக்கம் திரும்பி நின்று, மெதுவாகக் கையைத் தட்டினாள். "பாலத்து மேல நிக்கிறேன், ஆத்துல தண்ணி இல்ல…"

கும்மிக் குரல்தான். ராக் பாட்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தது, உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "அந்த 'சொல்லடி'ல இன்னும் கொஞ்சம் இறங்குவார் மதினி. இப்படி" என்று தானே பாடிக் காட்டினாள். லோசனி திருத்திக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். இருவரின் குரலுக்கும் நடுவில் எங்கேயோ, கொஞ்சம்போல, பெலிக்ஸ் இருந்தார்.

"என்ன பாட்டு இது?"

செழியன் மெழுகுவத்திப் பாக்கெட்டுகளோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "தண்ணி இல்லேன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? எவன் எழுதுனது?"

ஸ்டெல்லா குலுங்கிச் சிரித்தாள், அழுதுகொண்டே. லோசனிக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. செழியனின் இடது கை பாக்கெட்டைப் பிடிக்கவில்லை. அதன் விரல்கள் காற்றில் கிட்டார் கம்பிகளை அழுத்திக்கொண்டிருந்தன. அவர்கள் இன்னும் பாடாத அடுத்த வரிக்கு அவை முன்னாலேயே போய்க் காத்திருந்தன. அவருக்கு அது தெரியவில்லை.

லோசனி அந்தக் கையைச் சட்டென்று எடுத்து, விரல்களை மடக்கி, தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அவர். "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. மிச்சத்தையும் பாடு."

"அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

செழியனுக்குத் திருப்தியாக இருந்தது. ஸ்டெல்லாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அதானே பாத்தேன். பாட்ட ஞாபகம் வச்சுக்கிறதுல இவ என் கால் தூசி பெற மாட்டா."